பெயரும் பிடியும்

செய்தித்தாளை அன்றன்றைக்குச் சூடாகப் படிக்க வேண்டும் என்பர். நாமோ அதனை ஆறவைத்துப் படிப்பதையே வழக்கமாகக் கொண்டுள்ளோம். ஒரு திங்களின் தாள்களைக் கயிற்றால் கட்டி மூலையில் போட்டுவிட்டு, ஆரவாரமெல்லாம் அடங்கியபின் அவிழ்த்துப் பார்த்தால், அன்று முதற்பக்கத்தில் கொட்டையெழுத்தில் கத்தியது எது, ஏழாம் பக்கத்து மூலையில் முனகியது எது, அவற்றுள் இன்றும் நிற்பது எது, நீர்மேல் எழுத்தாய்ப் போனது எது என்பன தாமே விளங்கும்.

அவ்வாறு நாம் கட்டிவைத்த கட்டுகளுள் ஒன்று 2025 சனவரித் திங்களுக்குரியது. சிலையில் தொடங்கிச் சுறவத்தில் முடிந்த திங்கள். திருவள்ளுவர் ஆண்டு 2056 பிறந்ததும் அதன் நடுவில்தான். அத் திங்களின் இறுதியில் நம் வகுப்பில் ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, ஓர் ஆள் நினைத்தால் கடலுக்குப் பெயர் மாற்றிவிட முடியுங்களா?" என்று வினவினான். பிற மாணாக்கர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அவ் வினாவைக் கையில் வைத்துக்கொண்டே அக் கட்டை அவிழ்த்துப் பார்ப்போம்.

2025 சனவரி 20ஆம் பக்கல் அமெரிக்க ஒன்றிய நாடுகளின் குடியரசுத் தலைவராக இரண்டாம் முறை பொறுப்பேற்ற தொனால்டு திரம்பு, அன்றைக்கே பற்பல ஆணைகளில் கையெழுத்திட்டார். உலக நலவாழ்வு நிறுவனத்தினின்று விலகல், பாரிசுத் தட்பவெப்ப உடன்பாட்டினின்று விலகல் என்னும் பேராணைகளுக்கு நடுவில் வேறோர் ஆணையும் இருந்தது. மெக்சிக்கோ வளைகுடாவை இனி 'அமெரிக்க வளைகுடா' என்றும், அலாசுக்காவிலுள்ள தெனாலி மலையை 'மெக்கின்லி மலை' என்றும் அரசுத்துறைகள் எழுத வேண்டும் என்பது அது.

பெயர்தானே, போகட்டும் என்றனர் பலர். பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 10ஆம் பக்கல் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தை மாற்றியது. அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்க்கு ஒரு பெயர், மெக்சிக்கோவில் இருந்து பார்ப்பவர்க்கு ஒரு பெயர், ஏனையோர்க்கு இரண்டும். பழைய பெயரையே எழுதுவோம் என்ற அசோசியேட்டடு பிரெசுச் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்க்கு மறுநாளே வெள்ளை மாளிகை நிகழ்ச்சிகளின் கதவு அடைக்கப்பட்டது. வழக்கு முறைமன்றம் ஏறியது. ஒரு சொல்லை எழுத மறுத்ததற்குத் தண்டனை! பெயர் என்பது வெறும் ஒலியாயின் இத்துணைச் சினம் எதற்கு?

மெக்சிக்கோவின் தலைவி கிளாடியா செயின்பாம் அம்மையார் சினந்து பேசவில்லை. சனவரி 8ஆம் பக்கலே, திரம்பு பொறுப்பேற்கும் முன்னரே, 1607ஆம் ஆண்டின் உலக வரைபடம் ஒன்றைச் செய்தியாளர்முன் விரித்துக் காட்டினார். வட அமெரிக்க நிலப்பரப்பின்மேல் 'மெக்சிக்க அமெரிக்கா' என்று எழுதியிருந்தது. இப் பெயரையே வைத்துக்கொள்ளலாமே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அமெரிக்க ஒன்றிய நாடுகள் என்றொரு நாடு பிறந்ததே 1776இல் என்பதை நினைத்தால் அவ் வரைபடத்தின் குத்தல் புரியும். வரலாறு கையிலிருப்பவர் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

மலையின் கதை இன்னும் ஆழமானது. தெனாலி என்பது (நம் கதைகளில் வரும் தெனாலி இராமனுக்கும் இதற்கும் எவ்வகை உறவும் இல்லை) அலாசுக்காவின் தொல்குடியினராகிய கொயுக்கோன் மக்களின் மொழியில் 'உயர்ந்தது' என்னும் பொருள் தரும் பெயர். 6,190 மீட்டர் உயர்ந்து நிற்கும், வட அமெரிக்காவின் முடிமலைக்கு இதனினும் பொருந்திய பெயர் உண்டோ? 1896இல் பொன் தேடிப் போன ஒருவர், தேர்தலில் நின்ற வில்லியம் மெக்கின்லியின் பெயரை அதன்மேல் ஒட்டினார். மெக்கின்லி ஒகையோ மாநிலத்தவர். அலாசுக்கா மண்ணை வாழ்நாளில் மிதித்ததே இல்லை. 1917இல் அரசு அப் பெயரையே சட்டமாக்கியது. அலாசுக்கா மாநிலம் 1975இல் தெனாலி எனத் தானே மாற்றிக்கொண்டு, நடுவணரசும் மாற்ற வேண்டுமென்று கேட்டது. நாற்பதாண்டு கேட்டபின், 2015இல்தான் பராக்கு ஒபாமா காலத்தில் அது நிறைவேறியது. பத்தே ஆண்டில் மீண்டும் பறிபோயிற்று. அலாசுக்கா மாநில அவைகள் இரண்டும் தெனாலியே நிற்கட்டும் என்று தீர்மானம் இயற்றின. அங்கே பெரும்பான்மையர் திரம்பின் கட்சிக்கே வாக்களித்தவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணுக. கட்சி வேறு, தம் மலையின் பெயர் வேறு என்னும் தெளிவு அவர்களுக்கு இருந்தது.

ஆயினும் ஒன்று நெஞ்சை அறுக்கிறது. தெனாலி என்னும் பெயருக்காக இத்துணைப் பேர் போராடினர், அச் சொல்லைப் பெற்ற கொயுக்கோன் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று மிகச் சிலரே, அவர்களும் முதியோர். மலையின் பெயர் வரைபடத்தில் பிழைத்தாலும் பிழைக்கும். அப் பெயரைச் சொல்லி அழைக்கும் வாய் பிழைக்குமா? பெயர்ப்பலகை மட்டும் தாய்மொழியில் இருந்து, பேச்சும் படிப்பும் பிறமொழியில் நடந்தால் நேர்வது இதுவே.

அதே திங்கள் 7ஆம் பக்கல் திபெத்தின் திங்குரி வட்டாரத்தில் பெருநிலநடுக்கம் ஏற்பட்டு 126 பேர் மாண்டனர். நம் இதழ்கள் 'திபெத்தில் நிலநடுக்கம்' என எழுதின. சீன அரசின் ஆங்கில ஏடுகளோ 'சீசாங்கில் நிலநடுக்கம்' என்றன. சீசாங்கு என்பது திபெத்துக்குச் சீனர் வழங்கும் பெயர். சில ஆண்டுகளாக ஆங்கிலத்திலும் அப் பெயரையே புகுத்தி வருகின்றனர். இடிபாட்டினின்று பிணங்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதும் பெயரில் கண்ணாக இருந்தனர். அமெரிக்காவைப் பார்த்து முறுவலித்த சீனம், தன் வீட்டில் செய்வதும் அதுவே.

நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்குத் தெற்கே நிற்பது எவரெசுட்டு மலை. திபெத்தியர் அதனைச் சோமோலுங்குமா என்பர். 1733இல் பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட வரைபடத்திலேயே அப் பெயர் உள்ளது. ஆங்கிலேய நில அளவையரோ, உள்ளூர்ப் பெயர் ஒன்றும் கிட்டவில்லை என்று சொல்லித் தம் துறையின் முன்னைத் தலைவர் சார்சு எவரெசுட்டின் பெயரை வைக்க முனைந்தனர். வேண்டா என்று தடுத்தவர் எவரெசுட்டே! இந்நாட்டு மக்கள் வாயில் என் பெயர் நுழையாதே என்றார். கேட்பாரில்லை, 1865இல் உறுதியாயிற்று. அம் மலையின் உயரத்தைக் கணித்துச் சொன்ன வங்காளத்து இராதாநாத்து சிக்தாரின் பெயர் எந்தக் குன்றுக்கும் இல்லை. அப் பேரளவையின் அடிக்கோடு 1802இல் இடப்பட்டது நம் சென்னைப் பரங்கிமலையருகே என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்துணைப் பேர் சொல்லிக் கொடுக்கிறோம்?

பிறரைச் சொல்லும்போது நம் வீட்டையும் எட்டிப் பார்ப்பது முறை. 2020 சூனில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்புக்கு இயைய ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலைப் பற்றி எழுந்த நகையாடலில் ஒரு கிழமைக்குள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ் வாணையில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. குறையைத் திருத்துவதற்கு மாறாக ஆணையையே மடித்து வைத்ததுதான் நம் ஊக்கத்தின் அளவு.

இனி, அத் திங்களில் நம்மை மிகுதியும் நிறுத்தி எண்ண வைத்த நாட்டுக்கு வருவோம். கிரீன்லாந்தை அடைந்தே தீர வேண்டும் என்று திரம்பு பேசினார்; சனவரி 7ஆம் பக்கல் செய்தியாளர் வினவியபோது, படைவலியையோ பொருள்வலியையோ பயன்படுத்தமாட்டேன் என உறுதி சொல்ல மறுத்தார். பனாமாக் கால்வாய்க்கும் அதே விடை. (அக் கால்வாயைப் பனாமாவுக்கே மீட்டளிக்க 1977இல் ஒப்பந்தம் செய்த சிம்மி கார்ட்டரின் உடலுக்கு வாசிங்டனில் மக்கள் வணக்கம் செலுத்திக்கொண்டிருந்த நாள் அது. நாளும் தேர்ந்தெடுத்தாற்போல் வந்து அமைந்தது.)

கிரீன்லாந்து மக்கள்தொகை ஏறத்தாழ 57,000. நம் நாட்டில் ஒரு சிறு நகராட்சியின் தொகை அளவே அது. அம் மக்கள் தம் நாட்டைக் கலாலித்து நுனாத்து, கலாலித்தரின் நிலம், என்கின்றனர். தென்மார்க்கு நாட்டவர் 'கோத்தோபு' எனப் பெயரிட்ட தலைநகரை 1979இல் நூக்கு என்னும் தம் பெயருக்கு மாற்றினர். 2009இல் தன்னாட்சிச் சட்டம் வந்தபோது, தேனிய மொழி இன்றித் தம் மொழி ஒன்றையே ஆட்சிமொழியாக்கினர். அம் மொழியில் செய்தித்தாள் தோன்றியது 1861இல்! பனிக்கட்டிக்கு நடுவில், வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த சிறு கூட்டம் தன் மொழியில் தாள் அச்சிட்டுப் படித்தது.

அவர்கள் சொல்லாக்கமும் நம் அன்பர்கள் அறியத்தக்கது. அம் மொழியும் நம் மொழிபோல் ஒட்டுநிலை வகையது. வேரொடு ஈறுகளை அடுக்கிக்கொண்டே போகும். கணிப்பொறி வந்தபோது அவர்கள் ஆங்கிலப் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. 'செய்மூளை' எனப் பொருள்படும்படித் தம் வேரினின்றே ஒரு சொல் படைத்தனர். கரசாசியாக்கு என்பது அது. புதுச்சொற்களை ஆய்ந்து ஒப்புக்கொள்வதற்கு மொழிக்குழுவும் மொழிச் செயலகமும் அரசின் உறுப்புகளாகவே இயங்குகின்றன. 57,000 பேருக்கு இயலுவது எட்டுக்கோடிப் பேருக்கு இயலாது என்பாரை என்னென்பது?

சனவரி இறுதியில் அங்கு எடுத்த கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு 85 பேர் அமெரிக்காவோடு சேர மாட்டோம் என்றனர். சேரலாம் என்றவர் அறுவரே. நாங்கள் விற்பனைக்கு அல்ல என்றார் அன்றைய தலைமையமைச்சர் மூத்தே எகெதே. ஆயினும் இக் காட்சியின் மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரீன்லாந்து அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி தென்மார்க்கு தரும் நல்கையால் நடக்கிறது. வெளியுறவும் காவற்படையும் கோபனேகன் கையில். மேற்படிப்புக்குத் தேனியம் இன்றி முடிவதில்லை. பெயரை மீட்டுக்கொண்டனர், மொழியைக் காத்துக்கொண்டனர், பிடி இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. தாங்களே அதனை அறிந்தும் இருக்கின்றனர். விடுதலை வேண்டும் என்போருக்கும் சற்றுப் பொறுத்து வேண்டும் என்போருக்கும் இடையே நடப்பதே அவர்களின் அரசியல். அமெரிக்காவா தென்மார்க்கா என்பது வெளியார் போட்ட கணக்கு.

பெயர் இருக்கப் பிடி போவதற்கு வணிக உலகில் ஓர் எடுத்துக்காட்டு. மெக்கின்லி தலைவராக இருந்த 1901இல் பிறந்தது யு.எசு. இரும்பாலை நிறுவனம், அமெரிக்கத் தொழில்வலியின் சின்னம். அதனைச் சப்பானின் நிப்பான் இரும்பாலை நிறுவனம் 1,490 கோடித் தாலர்க்கு வாங்க முன்வந்தபோது, 2025 சனவரி 3ஆம் பக்கல் சோ பைடன் தடைவிதித்தார். தடுத்தவர் சென்றார், தேர்தலில் தாமும் எதிர்த்துப் பேசிய திரம்பின் ஆட்சியிலேயே சூன் திங்களில் விற்பனை முடிந்தது. பிட்சுபர்க்கில் தலைமையகம் இருக்கும், 'யு.எசு.' என்னும் பெயரும் இருக்கும். சில முடிவுகளைத் தடுக்கும் ஒரு தனிப்பங்கு அரசிடம் இருக்கும். பங்குகளும் ஊதியமும் சப்பானியர்க்கு. கடலுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டி மகிழ்ந்த அதே ஆண்டில் இரும்பாலையில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உடைமையைக் கொடுத்தனர். எது மாற்று, எது பொன் என்று வணிகர்க்குத் தெரியும்.

சனவரி 27, திங்கட்கிழமை. அந்த ஒரு நாளின் தாள்களை மட்டும் தனியே எடுத்து வைத்துள்ளோம். மூன்று செய்திகள். முதலாவது, எல்லாத் தாள்களிலும் முதற்பக்கத்தில் வந்தது: கணிச்சில்லுகள் வடிவமைக்கும் என்விடியா நிறுவனத்தின் பங்குமதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 58,900 கோடித் தாலர் சரிந்தது, அமெரிக்கப் பங்குச்சந்தை வரலாற்றில் ஒரு நிறுவனம் ஒரு நாளில் இழந்த பெருந்தொகை அதுவே. கரணியம், சீனத்தின் காங்சௌ நகரில் 2023இல் தொடங்கிய தீப்சீக்கு என்னும் சிறு நிறுவனம். திரம்பு பொறுப்பேற்ற அதே 20ஆம் பக்கல் அது 'ஆர் 1' என்னும் செயற்கை நுண்ணறிவுப் படைப்பை யாரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. மறுநாளே அமெரிக்காவில் இதே துறைக்கு நான்காண்டில் 50,000 கோடித் தாலர் செலவிடுவோம் என்னும் அறிவிப்பு. தீப்சீக்கோ, தன் முந்தைய படைப்பை இறுதியாகப் பயிற்ற ஆன கணிப்பொறிச் செலவு 56 இலக்கம் தாலர்தான் என்றது. முன்னாய்வுச் செலவு அதில் சேராது என்பதையும் அதுவே எழுதியிருந்தது. நம் இதழ்கள் அவ் வரியை விட்டுவிட்டன. உயர்வகைச் சில்லுகளைச் சீனத்துக்கு விற்கலாகாது என்று 2022 முதல் அமெரிக்கா தடுத்து வந்தது. கிடைத்த தாழ்வகைச் சில்லுகளைக் கொண்டே சிக்கனமாகச் செய்யக் கற்றனர். தடை, கற்பித்த ஆசானாயிற்று. என்விடியாவும் அழிந்துவிடவில்லை; அதே ஆண்டு அக்தோபரில் ஐந்து இலக்கம் கோடித் தாலர் மதிப்பைத் தொட்டது. சந்தையின் அழுகை அவ்வளவே.

நாம் சொல்ல வந்தது பணக் கணக்கை அன்று. அந் நிறுவனத்தார் தாமே வெளியிட்ட ஆய்வறிக்கையில், பின்னர் 2025 செப்தம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழும் ஏற்று வெளியிட்ட அவ் வாய்வில், ஒரு செய்தி உள்ளது. நம் இதழ்கள் எதுவும் அதனைத் தொட்டதாகத் தெரியவில்லை. சரியான விடைக்குப் பரிசு என்னும் ஒரே நெறியில் அப் பொறியைப் பயிற்றியபோது, அது தன் எண்ணவோட்டத்தை எழுதிக்காட்டுகையில் மொழிகளைக் கலந்து எழுதத் தொடங்கியதாம். ஒரு வரி சீனம், ஒரு வரி ஆங்கிலம், இடையில் இரண்டும். படிப்பவர்க்கு விளங்கவில்லை. உடனே அப் பொறிஞர் என் செய்தனர்? எடுத்துக்கொண்ட மொழிச்சொற்கள் எழுத்தில் எத்துணைப் பங்கு உள்ளனவோ அதற்கேற்பத் தனிப்பரிசு அமைத்து, கலவாமல் எழுதும்படிப் பொறியைப் பழக்கினர்.

இதனைப் படித்ததும் நம் அன்பர்கள் துள்ளி எழுவர் என்று தெரியும். சற்றுப் பொறுக்க. அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அவ்வாறு ஒரே மொழியில் நிறுத்தியதால் பொறியின் திறம் சிறிதளவு குறைந்தது என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். குறைந்தாலும் ஏற்றுக்கொண்டோம், மாந்தர் படித்து உணர்வதற்கு அதுவே உகந்தது என்கின்றனர். இதில் நம் பக்கத்துக்குச் சார்பானதை மட்டும் பிய்த்தெடுத்துக் கொள்வது நேர்மையன்று. கலந்து எழுதுவது எளிது, கைவந்தபடி ஓடும். கலவாமல் எழுதுவதற்கு உழைப்பு மிகும். தொடக்கத்தில் தடுமாற்றமும் உண்டு. தூயதமிழ் எளிதினும் எளிது என்று மேடையில் சொல்லிவிட்டு வருகிறோம். கேட்டவன் வீட்டுக்குப் போய் ஒரு மடல் எழுத அமர்ந்ததும் விழிக்கிறான். நம்மைப் பொய்யர் என்கிறான். செலவு உண்டு, அச் செலவு தகும் என்று சொல்வதே மெய். காங்சௌப் பொறிஞர் மொழிப்பற்றாளர் அல்லர். இனவுணர்வு பேசி அம் முடிவுக்கு வரவில்லை. படிப்பவனுக்கு விளங்க வேண்டுமே என்னும் ஒன்றே அவர்கள் கரணியம். நாமும் அதனையே முதற் கரணியமாகச் சொல்லிப் பழகினால் நம் பேச்சுக்குச் செவி கிட்டும்.

அவ் வறிக்கையிலேயே இன்னொரு வரியும் உண்டு. அப் பொறி சீனத்துக்கும் ஆங்கிலத்துக்குமே செப்பம் செய்யப்பட்டது. வேறு மொழியில் வினவினால், ஆங்கிலத்தில் எண்ணி ஆங்கிலத்திலேயே விடை சொல்லிவிடவும் கூடும் என்கிறது. அதாவது, சீனமும் ஆங்கிலமும் கலவாதிருக்கப் பரிசு வைத்தார்கள். தமிழ் கலவாதிருக்கப் பரிசு வைப்பவர் அங்கு யாரும் இல்லை. இருக்க வேண்டும் என்று நாம் சினப்பதற்கும் இடமில்லை. அது அவர்கள் பொறி. தியானன்மென் சதுக்கத்தில் 1989இல் நிகழ்ந்தது யாது என்று கேட்டால் அவர்களின் அரட்டைப்பொறி வாய்மூடிக்கொண்டதும் அதனால்தான். பரிசை யார் வைக்கிறாரோ அவர் விரும்பும் வண்ணமே பொறி பேசும். அப் பொறிகளுக்குத் 'தமிழி' என்றோ 'வள்ளி' என்றோ பெயர் சூட்டி விழா எடுப்பது எளிது. பயிற்றும் பொத்தகங்களையும் பரிசின் அளவையும் முடிவுசெய்யும் இடத்தில் தமிழறிந்தவர் அமர்வதே அரிது. அதற்குத் தமிழும் கணக்கும் ஒருங்கே கற்ற இளைஞர் வேண்டும். நம் பிள்ளைகளில் தமிழ் கற்றவன் கணக்கைக் கண்டு ஓடுகிறான். கணக்குக் கற்றவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்ட வரவில்லை. இக் குற்றத்தில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு.

அதே 27ஆம் பக்கல் நிகழ்ந்த இரண்டாம் செய்தி உள்பக்கங்களுக்குத் தள்ளப்பட்டது. காங்கோ நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள கோமா நகரை 'எம் 23' என்னும் கிளர்ச்சிப்படை கைப்பற்றியது. ஏறத்தாழ இருபது இலக்கம் மக்கள், அவர்களுள் பல இலக்கவர் ஏற்கெனவே ஊரிழந்து வந்து கூடாரங்களில் அடைந்தவர்கள். ஒரு கிழமைப் போரில் 2,900 பேர் மாண்டனர் என்று ஒன்றிய நாடுகள் அவை கணக்குச் சொன்னது. அண்டை நாடாகிய உருவாண்டாவின் படைவீரரே உடன்நின்று போரிட்டனர் என்று அவ் வவையின் வல்லுநர் எழுதினர், உருவாண்டா மறுத்தது. கோமாவுக்கு மேற்கே உருபாயா மலையில் தோண்டப்படும் கோல்தான் கனிமத்தினின்று தந்தாலம் என்னும் மாழை கிடைக்கிறது. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் மின்தேக்கிகள் செய்ய அது வேண்டும். உலகத் தந்தாலத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு அந்த ஒரு மலையினின்று, வெறுங்கையாலும் மண்வாரியாலும் தோண்டி எடுக்கப்படுவது. 2024 முதலே அச் சுரங்கம் கிளர்ச்சிப்படையின் கையில்.

ஒரு பக்கத்தில் பொறிகளின் விலை சரிந்ததற்கு உலகமே கூக்குரல் இட்டது. மறுபக்கத்தில் அத்தகைய பொறிகளுக்கான மண்ணைத் தோண்டுவோரின் ஊர் எரிந்தது. இரண்டையும் இணைத்து எழுதிய தாள் ஒன்றையும் நாம் காணவில்லை. கோமா என்றொரு நகர் இருப்பதே நம்மவரில் பலர்க்கு அன்றுதான் தெரிந்தது; மறுநாள் மறந்தும் போயிற்று.

மூன்றாம் செய்தி, ஒரு நினைவு நாள். 1945 சனவரி 27இல் செருமானிய நாசிகளின் அவுசுவிட்சுக் கொலைக்களம் விடுவிக்கப்பட்டது, எண்பதாண்டு நிறைந்தது. பதினோரிலக்கம் பேர், அவருள் மிகப் பெரும்பாலோர் யூதர், கொல்லப்பட்ட இடம். உயிரோடு எஞ்சியவருள் ஏறத்தாழ ஐம்பதின்மர் அன்று வந்திருந்தனர். போலந்து மக்கள் ஒசுவியெஞ்சிம் என்று வழங்கிவந்த ஊரைப் பிடித்ததும் நாசிகள் முதலில் செய்தவற்றுள் ஒன்று ஊரின் பெயரைச் செருமானியமாக மாற்றியது. உழைக்க வைத்த சிறையாளர்க்கு அடுத்துச் செய்தது, பெயரை நீக்கி முன்கையில் எண்ணைப் பச்சை குத்தியது. வந்திருந்த முதியோர் சிலர் கையில் அவ் வெண் இன்னும் அழியவில்லை.

காசாவில் சனவரி 19ஆம் பக்கல் போர் நின்றது. பதினைந்து திங்கள் போரில் 46,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று அங்குள்ள நலத்துறை கணக்குச் சொன்ன நிலையில் வந்த அமைதி அது. மார்ச்சு 18இல் மீண்டும் குண்டு விழுந்தது. அக்தோபரில் மீண்டும் ஓர் உடன்பாடு. இதைப்பற்றித் தனியே எழுத வேண்டும். ஒரு பத்தியில் அடக்குவது மாண்டவர்க்குச் செய்யும் இழிவு. கனடாவில் தலைமையமைச்சர் திரூதோ விலகுவதாக அறிவித்தது, இந்தோனேசியா பிரிக்சுக் கூட்டமைப்பில் சேர்ந்தது, இலாசு ஏஞ்சலிசு நகரைத் தீ தின்றது, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவினும் வெப்பம் ஒன்றரைப் பாகைக்கு மேல் ஏறிய முதல் ஆண்டு 2024தான் என ஐரோப்பிய ஆய்வகம் உறுதிசெய்தது ஆகியவற்றை அன்பர்கள் தாமே படித்திருப்பர்.

இனி, அத் திங்களில் நம் பக்கத்து அறிவியல். சனவரி 16ஆம் பக்கல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள இரு செயற்கைக்கோள்களை வானில் ஓடவிட்டே ஒன்றோடொன்று பூட்டிக் காட்டியது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம். இருமுறை தள்ளிவைத்து மூன்றாம் முறை வென்றது. அமெரிக்கா, உருசியா, சீனம் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது. அந் நாளையொட்டி அந் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த வி. நாராயணன் குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர். தமிழில் படித்தால் வானுக்கு ஏணி கிடைக்காது என்னும் பெற்றோர்க்குச் சொல்லுக. 29ஆம் பக்கல் சீரரிகோட்டையினின்று நூறாவது ஏவுகணை எழுந்தது. ஆனால் அது சுமந்து சென்ற வழிகாட்டுக்கோள், ஓர் அடைப்பிதழ் திறவாமையால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. முன்னதை எட்டுப் பத்தியில் போட்ட தாள்கள் பின்னதை நான்கு வரியில் முடித்தன.

23ஆம் பக்கல் சென்னையில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. தாலின் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வு நூல், இத் திங்களில் நம்மைப் பொறுத்தவரை தலையாய செய்தி. பேராசிரியர் கா. இராசனும் இரா. சிவானந்தமும் எழுதியது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஈமத்தாழிகளின் அகழ்வில் கிடைத்த கரித்துண்டுகளையும் பானையோடுகளையும் அமெரிக்காவிலும் இலக்குனோவிலும் அகமதாபாத்திலும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பிக் கணித்ததில், அங்கு இரும்பு வழங்கிய காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்கிறது அந்நூல். அனத்தோலியாவில் இரும்புக்காலம் தொடங்கியதாகப் பொத்தகங்களில் படித்துவரும் காலத்துக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முற்பட்டது.

மகிழ்ந்தோம், இதில் ஒளிவென்ன? ஆனால் மறுநாளே நம் அன்பர் சிலர் 'உலகுக்கு இரும்பு தந்தவன் தமிழன்' என்று சுவரொட்டி அடிக்கத் தொடங்கினர். அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம், பொறுங்கள். எகித்து நாட்டுக் கெர்சேயில் ஏறத்தாழ கி.மு. 3200ஐச் சேர்ந்த இரும்பு மணிகள் கிடைத்துள்ளன. அவை உருக்கி எடுத்தவை அல்ல, வானினின்று வீழ்ந்த விண்கல்லைத் தட்டிச் செய்தவை என்று 2013இல் ஆய்வாளர் நிறுவினர். ஆகவே இரும்பு கிடைத்தது என்பது ஒன்று. தாதுவினின்று உருக்கிய இரும்பு என்பது மற்றொன்று. கரித்துண்டின் அகவையும் அதனருகே கிடந்த இரும்பின் அகவையும் ஒன்றுதானா என்பது மூன்றாவது. இவ் வினாக்களை எழுப்பும் அறிஞர் எல்லாரும் தமிழ்ப்பகைவர் அல்லர். சிவகளையில் இன்னும் பல தாழிகளினின்று, பல ஆய்வகங்களில், ஒரே விடை மீண்டும் மீண்டும் வர வேண்டும். இரும்பையே நேரில் ஆய்ந்து உருக்கியதா என்று காட்ட வேண்டும். உலையும் கசடும் அக்காலத்தனவாகக் கிடைக்க வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும், ஆய்வகம் வேண்டும். கரிமக் காலக்கணிப்புக்கு நம் மண்ணின் கரித்துண்டைப் புளோரிடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். அதே சனவரி 5ஆம் பக்கல், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்திலக்கம் தாலர் பரிசு என்று இதே அரசு அறிவித்தது. பரிசு அறிவித்தது நன்றே. அத் தொகைக்கு இணையான ஒன்றைக் கொண்டு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அக் கணிப்புப் பொறியை நிறுவி, அதனை இயக்க நம் பிள்ளைகள் பதின்மரைப் பயிற்றுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று தொல்லியல் துறையினர் கணக்கிட்டு அறிவிக்கட்டும். அக் கணக்கு கைக்கு வந்ததும் இவ்விதழில் முழுமையாக வெளியிடுவோம்.